அல்சூர்ப் பாட்டியின் குரல் டொரான்டோ போய்ச் சேர்ந்த கதை



கணிப்பொறி, இணையம் என்று தலைப்பு வைத்தால் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பாட்டியை முன்னால் நிறுத்தியிருக்கிறேன். அல்சூர் மார்க்கெட் பக்கம் போய்வருகிறவர்களில் பலருக்கு அந்தப் பூக்காரப் பாட்டியை நினைவிருக்கும். தருமபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கு வந்தவர். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே தெருமுனையில் உட்கார்ந்து பூக்கட்டி விற்றார். கன்னடக்காரர்களிடம் கன்னடம், தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கு, பேரம் பேசுகிறவர்களிடம் மட்டும் சுத்தமான தருமபுரித் தமிழ்!

மூன்று வருஷங்களுக்கு முன் நம் சங்கத்தில் ஒரு யோசனை எழுந்தது. பெங்களூரில் வாழ்ந்து முதிர்ந்த தமிழர்களின் குரலைப் பதிவு செய்து வைக்கலாம் என்று. அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன், விவேக் நகர் என்று நம் இளைஞர்கள் செல்பேசியோடு போய் 42 பெரியவர்களைப் பேச வைத்தார்கள். பாட்டி 40 நிமிடம் பேசினார். நடுவில் இரண்டு கும்மிப் பாட்டும் பாடினார். நம் பழைய இதழ்கள் 110-ஐயும் படமெடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வலைத்தளமாக ஆக்கினோம். 'ஆக்கினோம்' என்று பன்மையில் சொல்வது மரியாதைக்கு. டெலிபோன் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனவே பின்னால் நடந்த பிசகும் என்னுடையதுதான்.

சென்ற ஆண்டு ஆவணியில் பாட்டி காலமானார். பேத்தி டொரான்டோவில் இருக்கிறாள். உடனே கிளம்பி வர முடியாத நிலை. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, பாட்டி பேசினதைக் கேக்கலாம்னு பாக்கறேன். திறக்கவே மாட்டேங்குது."

நான் திறந்து பார்த்தேன். இந்த மாதத்துக்கான ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று ஒரு வரிதான் வந்தது. அந்த நேரத்தில் அவளிடம் என்ன சொல்வது? என் பெட்டியிலிருந்த மூலப்பதிவைத் தேடி எடுத்து அவள் செல்பேசிக்குத் தனியாக அனுப்பி வைத்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்ன ஆயிற்று?

கணக்கு மிகச் சாதாரணம். சிக்கனம் பார்த்து, மாதம் 10 ஜி.பி. மட்டும் வெளியே அனுப்பலாம் என்ற திட்டத்தில் மும்பையிலுள்ள ஒரு சர்வரில் இடம் வாங்கியிருந்தேன். பாட்டியின் பதிவு 128 கேபிபிஎஸ் தரத்தில் இருந்தது. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்.பி.; 40 நிமிடத்துக்கு 38 எம்.பி. சொச்சம். ஏறத்தாழ 260 பேர் முழுதாகக் கேட்டால் 10 ஜி.பி. தீர்ந்தது. பாட்டி போன செய்தியோடு அந்த இணைப்பையும் சேர்த்து உறவுக்காரர்கள் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். தருமபுரி, கோலார் தங்கவயல், சென்னை, சிங்கப்பூர் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எல்லாரும் கேட்டு முடித்து, கடைசியாகக் கேட்க வந்தவள் சொந்தப் பேத்தி.

மற்றொரு குறையும் இருந்தது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மும்பைக்கும் டொரான்டோவுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 12,500 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒரு நடைக்கு ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு. கடலடிக் கம்பி நேர்க்கோட்டில் போவதில்லை; ஆகவே நடைமுறையில் இன்னும் அதிகம். ஒரு பக்கம் திறக்க ஒரு நடை போதாது. முகவரி கேட்க ஒன்று, வணக்கம் சொல்ல ஒன்று, பூட்டுச் சாவி மாற்றிக்கொள்ள ஒன்று, பிறகுதான் விஷயத்துக்கே வர வேண்டும். படங்கள் நிறைந்த பக்கமென்றால் கேட்கவே வேண்டாம். தூரத்திலிருப்பவர்களுக்கு நம் தளம் இழுத்துக்கொண்டே நின்றதற்குக் காரணம் இதுதான்.

பாட்டி சொன்ன விடை

இதற்கு விடை பாட்டியின் பதிவிலேயே இருந்தது. அதில் ஓரிடத்தில் தன் தொழிலைப் பற்றிச் சொல்கிறார்: "கே.ஆர். மார்க்கெட்டுல பூ மலையா கொட்டிக் கெடக்குது. அதுக்காக அல்சூர் பொம்பளைங்க அத்தனை பேரும் விடியக்காலம் பஸ் ஏறி அங்க போவ முடியுமா? நான் ஒருத்தி போயி எடுத்தாறேன். தெருவே தலையில வெச்சுக்குது."

கணிப்பொறிக்காரர்கள் சி.டி.என். என்று சொல்வது இதைத்தான். தமிழில் உள்ளடக்க விநியோக வலையமைப்பு எனலாம். மூல சர்வர் கே.ஆர். மார்க்கெட். உலகின் பல நகரங்களில் வைக்கப்பட்டிருக்கும் துணை சர்வர்கள் தெருமுனைப் பூக்கூடைகள். டொரான்டோவில் ஒருவர் நம் பழைய இதழைக் கேட்டால் அருகிலுள்ள கூடையில் இருக்கிறதா என்று பார்க்கப்படும். இல்லையென்றால் ஒரே ஒரு முறை மூலத்துக்கு ஆள் போய் எடுத்துவரும். அடுத்துக் கேட்பவர்களுக்குக் கூடையிலிருந்தே கிடைக்கும். மூல சர்வருக்குக் கூட்டமில்லை, வாசகருக்குக் காத்திருப்பு இல்லை.

இந்த யோசனை பிறந்த வரலாறு சுவையானது. 1995-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ, இணையத்தில் நெரிசல் பெருகப் போகிறது, இதற்கு வழி காணுங்கள் என்று சக அறிஞர்களிடம் சொன்னார். கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டனும் அவருடைய மாணவர் டேனியல் லெவினும் அதற்கான கணித முறைகளை வகுத்து, 1998-இல் அகாமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஹவாய் மொழியில் அகாமாய் என்றால் புத்திசாலித்தனம் என்று பொருள். அந்த நிறுவனத்துக்கு இன்று நம் பெங்களூரிலும் பெரிய அலுவலகம் இருக்கிறது. லெவின், 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட முதல் விமானத்தில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 31. அன்று உலகமே செய்தித் தளங்களை நோக்கிப் பாய்ந்தபோது, அந்த நெரிசலைத் தாங்கியவற்றில் அவர் உருவாக்கிய அமைப்பும் ஒன்று.

நம்மவர்கள் முன்பே செய்தது

அதே 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தமிழர்களும் ஒரு காரியம் தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம்தான் அது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள், வேலை முடித்து வீடு திரும்பியபின் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் அனுப்பினார்கள். திருக்குறள் முதலாக வரிசை எண் கொடுத்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும்படி வைத்தார்கள். தொலைபேசி வழியே இணையம் ஊர்ந்த காலத்தில், படமாக அல்லாமல் எழுத்தாக வைத்ததால் ஒரு முழு நூலே சிறு கோப்பாக அடங்கியது.

அந்த நூல்களை ஒரே சர்வரில் பூட்டி வைக்காமல் வேறு இடங்களிலும் பிரதி வைத்தார்கள். இதற்குக் கண்ணாடித் தளம் என்று பெயர். ஓரிடத்தில் கிடைக்காவிட்டால் இன்னோரிடத்தில் எடுத்துக்கொள்ளலாம். சி.டி.என்.னுக்கு மூத்த அண்ணன் என்று இதைச் சொல்லலாம். வித்தியாசம் என்னவென்றால், அன்று எந்தத் தளம் என்று வாசகர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று அருகில் எது என்று வலையமைப்பே பார்த்துக்கொள்கிறது.

பணமில்லாத சங்கங்களுக்கு மதுரைத் திட்டம் சொல்லும் பாடங்கள் இரண்டு. சுமையைக் குறை, பிரதியைப் பெருக்கு. பாட்டியின் பதினாறாம் நாளுக்குள் தளத்தைச் சரி செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தபோது, நானும் என் பேரனும் இந்த இரண்டையும்தான் கடைப்பிடித்தோம்.

செலவில்லாமல் செய்த நான்கு காரியங்கள்

முதல் காரியம், சுமை குறைத்தல். பேச்சுக்கு 128 கேபிபிஎஸ் ஸ்டீரியோ தேவையே இல்லை. ஒற்றைத் தடமாக 48 கேபிபிஎஸ்-இல் மாற்றினோம். 38 எம்.பி., 14 எம்.பி. ஆயிற்று. கும்மிப் பாட்டின் கைத்தட்டல் உட்பட எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. பழைய இதழ்கள் ஒவ்வொன்றும் 60 எம்.பி. வரை இருந்தன. படிக்கும் தெளிவு கெடாமல் 8 எம்.பி.க்குக் கொண்டுவந்தோம். 42 குரல்களும் 110 இதழ்களும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை ஜி.பி.யில் அடங்கிவிட்டன. சுருக்குவதற்கு முன் மூலக் கோப்புகளைத் தனியாக எடுத்து வைத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். சுருக்கியதைத் திரும்ப விரிக்க முடியாது.

இரண்டாவது, தளத்துக்கு முன்னால் ஒரு சி.டி.என். வைத்தல். 2010-இல் சேவையைத் தொடங்கிய கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவசத் திட்டத்தை எடுத்துக்கொண்டோம். அதில் எத்தனை ஜி.பி. போனது என்று கணக்குப் பார்த்துப் பணம் கேட்பதில்லை. நம் தளப் பெயர் பதிவு செய்த இடத்தில், பெயர் வழிகாட்டும் சர்வர்களின் விலாசத்தை மட்டும் மாற்றினோம். வேறு கம்பனிகளிலும் இலவச அளவு உண்டு. அமேசானின் கிளவுட்ஃபிரண்டில் குறிப்பிட்ட அளவு வரை காசில்லை. அளவு தாண்டினால் ஜி.பி. கணக்கில் கட்டணம் ஏறும் திட்டமும் அதில் இருக்கிறது. கார்டு எண் கொடுக்கும் இடத்திலெல்லாம், அளவு தாண்டினால் என்ன ஆகும் என்று படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சங்கப் பணம் ஊர்ப் பணம்.

மூன்றாவது, பெரிய கோப்புகளுக்குத் தனி இடம். இதில் பலர் ஏமாறுவார்கள். இலவசத் திட்டம் என்பது பக்கங்களுக்கும் சாதாரணப் படங்களுக்கும்தான். வீடியோ முதலிய பெரிய கோப்புகளை அதன் வழியே ஓட்ட வேண்டுமானால் அதற்கென்று உள்ள சேவைகளைப் பயன்படுத்த வேண்டும் என்று விதிமுறையில் இருக்கிறது. பேரன்தான் பொறுமையாகப் படித்துச் சொன்னான். "தாத்தா, ஓசியில கெடைக்குதுன்னு மொத்தத்தையும் ஏத்திட்டு, நாளைக்கு நிறுத்திட்டாங்கன்னா மறுபடியும் அதே கதைதான்" என்றான். அதனால் குரல்களையும் இதழ்களையும் அதே நிறுவனத்தின் ஆர்-2 என்ற சேமிப்பிடத்தில் வைத்தோம். 10 ஜி.பி. வரை வைத்திருக்க வாடகை இல்லை. எடுத்துக் கொடுக்கும் அளவுக்கும் கட்டணம் இல்லை. நமக்குத் தேவை ஒன்றரை ஜி.பி.தான்.

நான்காவது, எதை எத்தனை நாள் கூடையில் வைப்பது என்று சொல்லி வைத்தல். வாடிய பூவை விற்றால் நாளைக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது பாட்டியின் வாக்கு. ஒவ்வொரு கோப்போடும் அதன் ஆயுளை விநாடிக் கணக்கில் எழுதி அனுப்பலாம். பாட்டியின் பேச்சு இனி மாறப்போவதில்லை. அதற்கு ஓராண்டு, அதாவது 3,15,36,000 விநாடி. நிகழ்ச்சி அறிவிப்பு அப்படியல்ல. இடமோ நேரமோ மாறலாம். அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

இப்போது இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு ஆகும் செலவு, மூல சர்வரின் பழைய வாடகையும் தளப் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலும்தான். முன்னைவிட ஒரு ரூபாய் கூடவில்லை.

பட்டுத் தெரிந்துகொண்டவை

பாட்டியின் அஞ்சலிப் படத்தில் சொந்த ஊரின் பெயரை நான் தவறாக எழுதிவிட்டேன். மகன் வருத்தப்பட்டுச் சொன்னார். உடனே திருத்தினேன். என் வீட்டில் சரியாகத் தெரிந்தது. மறுநாள் டொரான்டோவில் அதே பழைய தவறு! அங்குள்ள கூடையில் பழைய படமே இருந்தது. கூடைகளைக் காலி செய்யச் சொல்லும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினேன். அப்போதும், ஒரு முறை பார்த்தவர்களின் கணிப்பொறிக்குள்ளேயே ஒரு பிரதி தங்கியிருந்தது. அதை நாம் இங்கிருந்து அழிக்க முடியாது. கோப்புக்கு வேறு பெயர் கொடுத்து ஏற்றிய பிறகுதான் எல்லா இடத்திலும் சரியாயிற்று. இப்போது கோப்புப் பெயரோடு தேதியையும் சேர்த்துவிடுகிறோம். திருத்தினால் புதுத் தேதி, புதுப் பெயர்.

உறுப்பினர்களின் விலாசம், நன்கொடை விவரம் போன்றவற்றைப் பொதுக் கூடையில் வைக்கவே கூடாது. ஒருவருக்குக் காட்ட வேண்டியது இன்னொருவருக்குப் போய்விடும். அத்துடன், நடுவில் நிற்கும் நிறுவனத்தின் வழியாகத்தான் எல்லாப் போக்குவரத்தும் நடக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஊரறியத் தரக்கூடியதை மட்டும் அதன் வழியே தருவது நல்லது.

பெரிய நிறுவனங்களும் படுப்பதுண்டு. 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி என்ற சி.டி.என். தடைப்பட்டு உலகின் பெரிய செய்தித் தளங்கள் பல ஒரு மணி நேரம் போல மறைந்தன. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேருக்கும் பெரிய தடை ஏற்பட்டது. பலரும் ஒரே தோளில் சாய்ந்தால், தோள் நகரும்போது அத்தனை பேரும் விழுவார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று: கூடை, களஞ்சியம் ஆகாது. சி.டி.என். வைத்திருக்கும் பிரதி தற்காலிகமானது. யாரும் கேட்காத கோப்பைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டு வேறொன்றுக்கு இடம் கொடுத்துவிடும். மூலம் அழிந்தால் கூடையும் சில நாளில் வெறுமைதான். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. 2005-இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தின் அருமை, இதை நினைத்தால் புரியும். எனவே நம் மூலப்பதிவுகளை இரண்டு வன்தட்டுகளில் எடுத்து, அல்சூரில் ஒரு வீட்டிலும் ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீட்டிலும் வைத்திருக்கிறோம். 1996 முதல் நடந்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பொது ஆவணக் காப்பகத்திலும், குடும்பத்தார் சம்மதித்த பதிவுகளைக் காசில்லாமல் ஏற்றியிருக்கிறோம்.

பதினாறாம் நாள்

காரியம் முடிந்து இலை போட்ட பிறகு, பாட்டி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். பேத்தியையும் வீடியோவில் அழைத்து, இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் பதிவைப் போட்டோம். இம்முறை நிற்கவில்லை. உறவுக்காரர்களுக்கு மறுபடியும் இணைப்பை அனுப்பச் சொன்னதே நான்தான்!

எனக்கு உள்ளூரப் பயம் போகவில்லை. எந்த ஊர்க் கூடையிலிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. தளப் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு வால் சேர்த்துத் திறந்தால், விமான நிலையங்களுக்குரிய மூன்றெழுத்துக் குறி ஒன்று தெரியும். பேத்தியைப் படித்துக் காட்டச் சொன்னேன்.

"ஒய், ஒய், இசட்னு இருக்கு மாமா. அது எங்க ஊர் ஏர்ப்போர்ட்டு."

என் செல்பேசியில் பி.எல்.ஆர். என்று இருந்தது. பாட்டி தன் வாழ்நாளில் விமானம் ஏறியவரில்லை.

பதிவு முடிகிற இடத்தில் பாட்டி, "போதும்பா, பூ வாடுது, நான் கெளம்பறேன்" என்று சொல்லி எழுந்திருக்கிறார். கூடத்தில் யாரும் பேசவில்லை. அந்தப் பக்கத்தில் பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடுங்க மாமா" என்றாள். போட்டோம். ஒதுக்கீடு தீர்ந்துவிடுமோ என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அன்பர்களே, இந்த 42 பெரியவர்களில் ஏழு பேர் இப்போது நம்மிடையே இல்லை. உங்கள் வீட்டில் பேசக்கூடிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே செல்பேசியைப் பக்கத்தில் வைத்துப் பேச்சுக் கொடுங்கள். ஊரைப் பற்றிக் கேளுங்கள். முதன்முதலில் பெங்களூர் வந்திறங்கிய நாளைப் பற்றிக் கேளுங்கள். பதிவைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து தாருங்கள். தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி இப்போது நமக்குத் தெரியும். அதற்குப் பணமும் வேண்டாம். பேசுகிறவர்கள் இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.